பனிமலைக்குப் போன பஸ்ஸும் விட்டுப்போன கண்டக்டரும்

பஸ் கண்டக்டர்களில் இரண்டு ரகம் உண்டு. ஓடி வருகிற ஆளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுப்பவர்கள் ஒரு ரகம். ஓடி வருகிற ஆளைப் பார்த்த பிறகுதான் விசிலை வாயில் வைப்பவர்கள் இன்னொரு ரகம். நம்மவர் இரண்டாம் ரகத்தின் நிரந்தரத் தலைவர். டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் ‘ரைட்டு’. தெருவிலும் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகக் கேள்வி. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலையில் இருந்த காலம் முழுக்க, கிளம்பிய பஸ்ஸை ரைட்டு யாருக்காகவும் நிறுத்தியதில்லை. திருப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு முறை கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று பஸ்ஸில் ஏறியிருந்தது. வழியில் டீ குடிக்க இறங்கிய மாப்பிள்ளை, பட்டுவேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். பின் கண்ணாடி வழியாக அந்தக் காட்சியை ரசித்துக்கொண்டே டபுள் விசில் கொடுத்தார் ரைட்டு. “கல்யாணம் அவனுக்கா, பஸ்ஸுக்கா?” என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை எப்படியோ லாரி பிடித்து வந்து தாலி கட்டினார். இந்தக் கதையிலிருந்து ரைட்டு கற்றுக்கொண்ட நீதி, லாரி எப்படியும் கிடைக்கும் என்பது.

ஓய்வு பெற்றதும் விசில் போயிற்று, விசிலடிக்கும் புத்தி போகவில்லை. காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, “ம், சீக்கிரம். பின்னாடி ஆள் நிக்குது” என்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். உள்ளே இருப்பவர் அவர் மனைவி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஊருக்கு அவர் ‘டெய்லரம்மா’. துணிப் பிசிறும் நூல் தூசியும் பல வருஷம் நெஞ்சுக்குள் போய்க் குடியேறியதில் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. குளிர்க்காற்று பட்டால் போதும், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது வாயில் வைத்து அழுத்தி இழுக்க ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வழிக்கு வரும்.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை பனி பார்ப்பது. ஃபிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்து கிடக்கும் வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இது ஊரெல்லாம் கொட்டிக் கிடந்தா எப்படிங்க இருக்கும்?” என்று கேட்பார். “ஃபிரிட்ஜ் கதவை மூடு, கரண்டு போகுது” என்பார் ரைட்டு. மகள் வேலைக்குப் போய்ச் சேர்த்ததில் அம்மாவையும் அப்பாவையும் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தாள். டாக்டர் யோசித்துவிட்டு, பம்ப் கையிலேயே இருக்கிறதென்றால் போய்வரலாம் என்றார்.

கையிலேயே என்றால் யார் கையில் என்பதில்தான் கணவன் மனைவிக்குள் வழக்கு.

“ரெண்டா வாங்கிக்கலாங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட.”

“ரெண்டு இருந்தா ரெண்டும் தொலையும். ஒண்ணு இருந்தா ஒழுங்கா இருக்கும்.”

“சரி, அந்த ஒண்ணை என்கிட்ட குடுங்க.”

“உன்கிட்டயா? கத்தரிக்கோலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வீடு பூரா தேடினவதானே நீ?”

“அது கத்தரிக்கோல். இது என் மூச்சு.”

“அதனாலதான் என்கிட்ட இருக்கு.”

இப்படியாகப் பம்ப் ரைட்டின் சட்டைப் பையில் குடியேறியது. ஒன்று போதும் என்ற அதே சட்டப்படி போனும் ஒன்றுதான். வெளிநாட்டில் பேசினால் காசு போகும் என்று சிம்மைக் கழற்றிவிட்டதால், வெறும் படம் பிடிப்பதற்காக அது டெய்லரம்மாவிடம் இருந்தது.

சுற்றுலாக் கூட்டத்தில் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அந்த மஞ்சள் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் தொலைந்துபோக வேண்டுமென்றால் மிகவும் பாடுபட வேண்டும். கைடு தம்பியின் போன் நம்பர் தொப்பியின் உட்புறத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தது. பஸ்ஸில் ஸீட்டுகள் உயரம். முன்னால் நின்று பார்த்தால் ஆள் தெரியாது, தொப்பிதான் தெரியும். அதனால் கைடு தம்பி தலையை எண்ணுவதை விட்டுவிட்டு மஞ்சளை எண்ணப் பழகியிருந்தார். முன் ஸீட்டில் பெண்களோடு டெய்லரம்மா. ரைட்டு மட்டும் கடைசி வரிசையில், பின்படிக்கட்டுப் பக்கத்தில். வேறு எந்த ஸீட்டில் உட்கார்ந்தாலும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

அன்று பனிமலைக்குப் போகும் நாள். மலை ஏறும் பாதையில் ஓர் ஏரிக்கரையில் பஸ் நின்றது. கழிவறைக் கட்டடம், மரப்பொம்மை விற்கும் கடை ஒன்று, நாலு பெஞ்சு. எல்லோரும் இறங்கி ஏரியைப் பின்னணியில் வைத்து தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள். ரைட்டுக்கு வயிறு சரியில்லை. அந்த நாட்டுக் கழிவறைகளில் காகிதம்தான், தண்ணீர் கிடையாது. இந்த விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளாதவர் என்பதால் எங்கே போனாலும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடுதான் போவார். பாட்டிலை எடுத்தார். எழுந்தார். எழுந்தவர், இடம் போய்விடுமே என்று தொப்பியைக் கழற்றி ஸீட்டின் தலைப்பக்கத்தில் மாட்டினார்.

இதை என்னவென்று சொல்வது. அந்தப் பஸ்ஸில் ஒருவர் இடத்தை ஒருவர் பிடிக்கப் போவதில்லை. அதிலும் கடைசி ஸீட்டைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களை, “துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?” என்று கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவர் அவர். ஆனாலும் எழுந்தால் இடம் போய்விடும் என்கிற பயம் நம் ரத்தத்தில் ஊறியது. கைடு தம்பி முன்னால் நின்று பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு மஞ்சள், அதன் இடத்தில், ஆடாமல் அசையாமல் இருந்தது. கணக்கு சரி.

ரைட்டு உள்ளே இருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் உறுமல். அவருக்கு அது தாய்மொழி. முதல் கியர். கொஞ்சம் இழுத்து, இரண்டாவது. இருந்த நிலையில் எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. டிரைவரின் பரம்பரையையும் கைடு தம்பியின் பரம்பரையையும் தனித்தனியாக விசாரித்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையிலும் பெல்ட்டை இன்னொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் அவருடைய தொப்பி மட்டும் சொகுசாக உட்கார்ந்துகொண்டு போயிற்று.

ஓடினார். ஓடுகிறவனுக்குப் பஸ்ஸின் பின்புறம் எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தார். அது சின்னதாகிக்கொண்டே போகிறது. அதில் நமக்கென்று ஒரு முகமும் இல்லை. வளைவைத் தாண்டியதும் அதுவும் போயிற்று. சட்டைப் பையில் கை தானாகப் போனது. பம்ப் இருந்தது.  மேலே போகப் போகக் குளிர். குளிருக்குள் அவள். மூச்சு இங்கே, பையில்.

“அண்ணே, பெல்ட்டைப் போட்டுட்டு ஓடுங்க. இல்லேன்னா ஓடாதீங்க. இந்த ஊர் போலீஸ்காரன் ஒரு மாதிரி.”

திரும்பிப் பார்த்தார். நீலச் சட்டை போட்டு, கையில் நீளக் குச்சித் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முன்தலையில் நரை. கழிவறைக் கட்டடத்தின் பொறுப்பு அவளுடையது.

“நீ... நம்ம ஆளா?”

“உள்ள நீங்க திட்டும்போதே தெரிஞ்சுபோச்சுண்ணே. நம்ம பேச்சுல ஒரு கெட்ட வார்த்தை கேட்டு எத்தனை மாசமாச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இந்தப் பாத்ரூமுக்கெல்லாம் நான்தான் ராணி. உக்காருங்க.”

“உக்கார்றதா? என் பஸ் போயிடுச்சும்மா. அதுல என் வீட்டுக்காரி இருக்கா. அவளுக்கு இழுப்பு. பம்ப் இங்க இருக்கு.” எடுத்துக் காட்டினார். காட்டிய அவசரத்தில் அது கீழே விழுந்தது. இருவரும் குனிந்து, தலையில் தலை இடித்து எடுத்தார்கள்.

ராணி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. “யார் நம்பராவது தெரியுமா?”

“தொப்பியில இருக்கு.”

“தொப்பி எங்கே?”

ரைட்டு வளைவைக் காட்டினார்.

“தங்கியிருக்கிற ஓட்டல் பேரு?”

“பேரு வாயில நுழையலை. வாசல்ல ஒரு மான் பொம்மை இருக்கும்.”

“இந்த ஊர்ல எல்லா ஓட்டல் வாசல்லயும் அதான் இருக்கும்.” ராணி தன் போனை எடுத்து மலையுச்சியில் இருக்கிற சாப்பாட்டு விடுதிக்குப் பேசினாள். அந்த நாட்டு மொழியில் அவள் போடும் சத்தத்தைப் பார்த்தால் சண்டை மாதிரி இருந்தது. வைத்துவிட்டுச் சொன்னாள்: “பஸ் இன்னும் மேல போய்ச் சேரலை. வந்ததும் சொல்லச் சொல்லியிருக்கேன். அங்க முதலுதவி ரூம் இருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு.”

“அங்க போய்ச் சேர்ற வரைக்கும்?”

ராணி கடைப் பக்கம் திரும்பினாள். மரப்பொம்மைக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அந்தக் கிழவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு நாற்காலியும் கம்பளியும் கொண்டுவந்தார். நாற்காலியை ஏரியைப் பார்த்துப் போட்டு, ரைட்டின் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, ஏரியை நோக்கி விரலை நீட்டினார். பார், சரியாகிவிடும் என்பது போல.

ரைட்டு பார்த்தார். பார்க்காமல் வேறு வழியில்லை. ஏரி பச்சையா நீலமா என்று முடிவு செய்யாமல் கிடந்தது. எதிர்க்கரையில் மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கரையோரப் புல்லில் பெயர் தெரியாத மஞ்சளும் ஊதாவும் பூத்துக் கொட்டியிருந்தன. இரண்டு பறவைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. கிழிந்த இடம் தானாகத் தைத்துக்கொண்டது. இத்தனை அழகை யாரைக் கேட்டு இங்கே வைத்தார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் நெஞ்சு வெடித்து உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஏரிக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டாமா.

“இங்கயே இருங்கண்ணே,” என்றாள் ராணி. “பஸ் திரும்பி வரும்.”

“வராது.”

“வரும்.”

“நான் கண்டக்டர்மா. எனக்குத் தெரியும். கிளம்பின பஸ் திரும்பாது. உள்ள இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் கடிகாரத்தைப் பார்ப்பான். ஒருத்தனுக்காகத் திருப்பணுமான்னு கேப்பான். கைடு ஏதாவது சமாதானம் சொல்லுவான். நானே சொல்லியிருக்கேன்.”

“உங்களுக்கு பஸ்ஸைப் பத்தித் தெரியும். எனக்கு விட்டுட்டுப் போனவங்களைப் பத்தித் தெரியும். இங்க யாராவது ஒருத்தர் மாட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க. இதே நாற்காலிதான். அழுவாங்க, திட்டுவாங்க, அப்புறம் பஸ் வரும். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் திரும்பி வரலை. ஓட்டல்ல பாத்திரம் கழுவ என்னையும் கூட்டிட்டு வந்தார். அப்புறம் வேற ஒருத்தியோட போயிட்டார். அவர் போனது பஸ்ஸுல இல்லை, அதனால அந்தக் கணக்கு வேற.” சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்தாள். “இன்னும் ஏதாவது பேசுங்கண்ணே. பயத்தோட பேசினாலும் பரவாயில்லை. கேக்க நல்லா இருக்கு.”

“என் பொண்டாட்டி மூச்சு விட முடியாம இருக்கா. உனக்குப் பேச்சு கேக்குதா?”

“சரி, பேசாதீங்க. சூடா ஏதாவது போட்டு எடுத்துட்டு வரேன். எழுந்திரிக்கக் கூடாது. சத்தியமா வரும், நான் சொல்றேன்.”

அவள் உள்ளே போன நேரத்தில் மேலே போகிற பால் லாரி ஒன்று வந்து பொம்மைக்கடை முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிக் கிழவரோடு கைகுலுக்கினார். ரைட்டுக்கு அந்தப் பட்டுவேட்டி மாப்பிள்ளை நினைவுக்கு வந்தாரோ என்னவோ. கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். பால்காரர் முன் நின்று மலையைக் காட்டினார். இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார். தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொய் கொய் என்று இழுத்தார். பால்காரர் அவரையே நோயாளி என்று நினைத்துப் பின்வாங்கினார். ரைட்டு பம்பை எடுத்துக் காட்டி, புடவைத் தலைப்பு மாதிரி கையை வீசி, மறுபடி மலையைக் காட்டினார். பால்காரரின் முகம் மாறியது. லாரிக் கதவைத் திறந்துவிட்டார்.

ராணி கோப்பையோடு வெளியே வந்தபோது லாரி நகர்ந்துவிட்டது. “அண்ணே, போகாதீங்க. சொன்னா கேளுங்க,” என்று பின்னால் ஓடி வந்தாள். பக்கக் கண்ணாடியில் அவள் ஓடி வருவது தெரிந்தது. கோப்பையிலிருந்து சிந்தியதுகூடத் தெரிந்தது. ரைட்டு பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பால்காரர் நல்ல மனிதர். மிகவும் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். தன் ஊரைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கலாம். அருவி வந்தால் கையை நீட்டுவார். பாறை மேல் ஆடு நின்றால் வேகத்தைக் குறைப்பார். “பார்த்தாச்சு, பார்த்தாச்சு, ஓட்டு ராசா” என்று ரைட்டு தமிழில் கெஞ்சுவார். அவர் புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டு பால்காரர் இன்னொரு அருவியைக் காட்டுவார். ரைட்டு இரண்டு விரலை வாயில் வைத்து டபுள் விசில் அடித்தார். உலகத்திலேயே புறப்படு என்று அர்த்தமுள்ள ஒரே சத்தம் அது. பால்காரர் மகிழ்ந்துபோய்த் தானும் ஒரு விசில் அடித்துவிட்டு, அதே வேகத்தில் ஓட்டினார்.

காற்று குளிர ஆரம்பித்தது. ஜன்னல் இடுக்கில் அது நுழையும்போதெல்லாம் ரைட்டு தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவருடைய நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. இந்த வயதுவரை ஒரு தும்மல் இல்லாத நெஞ்சு. அதை அப்படியே கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட முடிந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. இத்தனை வருஷத்தில் மனைவியைப் பற்றி அப்படி ஓர் எண்ணம் வந்ததே இல்லையே என்று அடுத்த எண்ணமும் வந்தது. அதற்குள் லாரி சாலையை விட்டுத் திரும்பியது.

பண்ணை வீடு ஒன்றின் பின்புறம் போய் நின்றது. பால்காரர் வெட்கத்தோடு பால் கேன்களைக் காட்டினார். பால் லாரி என்றால் பால் ஏற்ற வேண்டும். ரைட்டுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் நேரமாகும் என்று தானே இறங்கிக் கேனைத் தூக்கினார். பண்ணை வீட்டு அம்மாள் வெளியே வந்தாள், அவள் கணவர் வந்தார், அண்டை வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். பால்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் கேனில் கை வைத்தார்கள். சரசரவென்று ஏறியது. அந்த அம்மாள் ரைட்டின் கன்னத்தை உள்ளங்கையால் தொட்டாள். தன் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துண்டைக் கழற்றி, உன் மனைவிக்கு என்பது போல் அவர் கையில் திணித்தாள். யார் பெற்ற பிள்ளைகளோ. ஒரு நிமிஷம் ரைட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிமிஷத்தில்தான் சத்தம் கேட்டது. பண்ணை வீட்டுக்கு அந்தப் பக்கம், சாலையில். இறக்கத்தில் இறங்குகிற பஸ். இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டு. காலையிலிருந்து கேட்ட அதே எஞ்சின்.

கேனைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். சாலைக்கு வரும்போது பஸ் கீழே போயிருந்தது. ஜன்னல்களில் மஞ்சள் மஞ்சளாகத் தலைகள். எல்லாத் தலையும் கீழே, ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு விரலை வாயில் வைத்து ஒற்றை விசில் அடித்தார். நிறுத்து என்று அர்த்தம். காய்ந்துபோன வாயில் வெறும் காற்றுதான் வந்தது.

பஸ் திரும்பிவிட்டது. அவருக்காகத் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. குறுகலான மலைப்பாதை, லாரியைத் திருப்ப மேலே இன்னும் கொஞ்சம் போய்த்தான் ஆக வேண்டும். போனார்கள். திருப்புகிற இடத்தில் சாலையோரம் வெள்ளையாக, அழுக்காக, கொஞ்சம் பனி ஒதுங்கிக் கிடந்தது. பனி என்றால் இதுதானா என்று பார்க்கக்கூட ரைட்டுக்குத் தோன்றவில்லை. இறங்கும்போது பால்காரர் ஓர் அருவியைக்கூடக் காட்டவில்லை.

ஏரிக்கரையில் பஸ் நின்றிருந்தது. மஞ்சள் தொப்பிகள் கூட்டமாக நின்றன. கைடு தம்பி ஓடி வந்தார்.

“எங்க சார் போனீங்க? உங்களைத் தேடித்தான் சார் வந்தோம்.”

“அவ எங்க?”

“மேல பனி ஆரம்பிச்ச உடனே உங்களுக்குக் காட்டறதுக்காகத் திரும்பிப் பார்த்திருக்காங்க சார். தொப்பிதான் இருந்துச்சு. நான் சொன்னேன், மேல போய் ஃபோன் பண்ணி வேற வண்டியில வரவழைக்கலாம்னு. கேக்கலை. கதவைத் திற, நான் நடந்தே போறேன்னு எழுந்துட்டாங்க. கத்தினாங்க சார். அப்படி ஒரு கத்து. அதுலதான்...”

மீதியைக் கேட்க ரைட்டு அங்கே இல்லை.

கழிவறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ராணிக்கு ஒரு சின்ன அறை. துடைப்பங்கள், வாளிகள், ஓர் அடுப்பு. நடுவில் அதே நாற்காலி. அதில் டெய்லரம்மா குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ராணி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“பம்ப் மலைக்குப் போச்சு, மூச்சு இங்க வந்துச்சு. நல்லா இருக்குண்ணே உங்க கண்டக்டர் வேலை.”

ரைட்டு பம்பின் மூடியைக் கழற்றினார்.  குலுக்கினார். வாயில் வைத்தார். “ஊதி விடு... இப்ப இழு. இழும்மா.” இழுக்க வரவில்லை, மருந்து உதட்டோரம் புகையாக வழிந்தது. “இன்னொரு தடவை. என்னைப் பாரு. ஊதி விடு. இழு.” கொஞ்சம் போயிற்று. மறுபடி. டெய்லரம்மாவின் கை அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து முறுக்கியது. மறுபடி. வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து டெய்லரம்மாவை இறக்கிய உடனேயே ராணி போன் செய்திருந்தாள்.

“எவ்வளவு நேரமா இப்படி?” என்று ரைட்டு ராணியிடம் கேட்டார்.

“அதைக் கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன்.”

ஏரியின் கீழ்க்கரையில் இருந்த சின்ன ஊரில், சின்ன ஆஸ்பத்திரி. டெய்லரம்மா பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரைட்டுக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்லவில்லை. வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். டாக்டர் வந்து ஏதேதோ சொன்னார். கூடவே வந்திருந்த ராணி அதில் வேண்டியதை மட்டும் தமிழாக்கினாள்: உயிருக்கு ஒன்றுமில்லை. சில நாள் இங்கேயே. மலைக்கு மட்டும் போகக் கூடாது. இனி எந்தப் பனிமலைக்கும்.

சுற்றுலாக் கூட்டம் மன்னிப்பும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. அவர்களுக்கு அடுத்த ஊர் காத்திருந்தது. ரைட்டு வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்தார். கைடு தம்பி இந்த முறை உள்ளே நடந்து நடந்து தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

சாயங்காலம் அறைக்குள் விட்டார்கள். டெய்லரம்மாவின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். கண் திறந்திருந்தது. ராணி கட்டிலோரம் உட்கார்ந்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்: எந்த நாட்டுக்காரர்கள் சுத்தம், எந்த நாட்டுக்காரர்கள் அசுத்தம், குளிர்காலத்தில் குழாய் உறைந்தால் என்ன செய்வது. பதில் சொல்ல முடியாத ஒரு ஆள் தமிழ் கேட்கக் கிடைத்தது அவளுக்கு வரம். பொம்மைக்கடைக் கிழவர் கம்பளியோடு வந்து வாசலில் தயங்கி நின்றார். பால்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். பண்ணை வீட்டு அம்மாளின் கம்பளித் துண்டை ரைட்டு லாரியிலேயே விட்டிருந்தார், அதையும் கொண்டுவந்திருந்தார். யாருக்கும் யாரோடும் பேச மொழியில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். சொந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஜன்னலுக்கு வெளியே மலையுச்சியில் பனி வெயிலை வாங்கிச் சிவந்து, பிறகு ஊதாவாகி, மறைந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவராகப் போன பிறகு ரைட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சொல்ல நிறைய இருந்தது. சொல்லிப் பழக்கமில்லாததால் வேறு ஏதோ வந்தது.

“நான் என்ன நினைச்சேன்னா... திருப்ப மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். எந்த பஸ்ஸும் திரும்பாது. எனக்குத் தெரிஞ்சு திரும்பினதில்லை. அதான் லாரியில...”

டெய்லரம்மா மாஸ்க்கைச் சற்றே தூக்கினார். குரல் நூல் மாதிரி வந்தது.

“அந்த பஸ்ஸுல நான் இருந்தேனே. மறந்துட்டீங்களா?”

ரைட்டு மாஸ்க்கைப் பழையபடி இறக்கிவிட்டார்.  அந்தப் பஸ்ஸில் கைடு இருந்தார், டிரைவர் இருந்தார், கடிகாரம் பார்க்கும் ஆட்கள் இருந்தார்கள் என்று எல்லோரையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவளைக் காப்பாற்ற வேண்டியவளாக எண்ணினாரே தவிர, தனக்காகக் கத்தக்கூடியவளாக ஒரு நொடிகூட எண்ணவில்லை.

டெய்லரம்மா கையை நீட்டினார். ரைட்டு அவசரமாகத் தன் கையை அதில் வைத்தார். அதை மெதுவாகத் தள்ளிவிட்டு, அவருடைய சட்டைப் பையைக் காட்டினார்.

ரைட்டு எடுத்துக் கொடுத்தார். டெய்லரம்மா பம்பை உள்ளங்கைக்குள் மூடி, அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.